முடிச்சுக்கு ஸ்பான்சர் கிடையாது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அவையினருக்கும் வணக்கம்.

'பாறையேற்றத்தில் பெருகிவரும் ஸ்பான்சர் பணம் ஏறுபவர்களைக் காக்கிறதா, ஆபத்தில் தள்ளுகிறதா?' என்பது இன்றைய தலைப்பு. தள்ளுகிறது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். நல்ல கருவிகள் ஸ்பான்சர் நிறுவனங்களால்தான் வந்தன என்றார். ஏறுவது அவரவர் விருப்பம், யாரும் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை என்றார். எல்லை மீறினால் நிறுவனங்களே விலகிக்கொள்கின்றன என்றார். மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கருவி. இன்றைய கயிறும், கயிற்றைக் கோக்கும் கொக்கியான கேராபினரும், இடுப்பில் கட்டும் பட்டையான ஹார்னஸும் அருமையானவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றை நம்பத்தக்கவையாக ஆக்கியது எது? 1932இல் பிரான்ஸின் ஷாமோனியில் தொடங்கிய பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பு, யுஐஏஏ, 1960களிலிருந்து வகுத்துவரும் தர விதிகள். ஒற்றைக் கயிறு என்றால் 80 கிலோ எடையைக் கட்டி விழவைத்துப் பார்ப்பார்கள். குறைந்தது ஐந்து முறை அறுபடாமல் தாங்க வேண்டும். முதல் விழுகையில் உடலில் இறங்கும் அதிர்ச்சி 12 கிலோநியூட்டனுக்கு மேல் போகக் கூடாது. இந்தச் சோதனைக்கு முன் நட்சத்திரமும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. கயிறு விற்கிற நிறுவனம் தர விதிக்குக் கட்டுப்பட்டதால் கயிறு நல்லதாக இருக்கிறது. அதே நிறுவனம் ஒரு வீரருக்குப் பணம் கொடுப்பது வேறு கணக்கு. எதிரணித் தலைவர் இந்த இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதிவிட்டார்.

அப்புறம், கருவி நன்றாக இருந்தும் மனிதர்கள் ஏன் சாகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் பொத்ரேரோ சிக்கோவில் பிராட் கோப்ரைட் இறந்தார். கயிறில்லாமல் ஏறியதற்குப் பெயர் பெற்றவர் அவர். ஆனால் இறந்தது ஏறும்போது இல்லை, கயிற்றில் இறங்கும்போது. இருவர் ஒரே கயிற்றின் இரண்டு பக்கங்களில் ஒருவருக்கொருவர் எடையாக இறங்கினார்கள். கயிறு சரிபாதியாகத் தொங்கவில்லை, முனையைத் தாண்டி நழுவாமல் தடுக்கும் முடிச்சும் இல்லை. அவ்வளவுதான். 2025 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள எல் கேபிடன் பாறையில் 23 வயது இளைஞர் ஒருவர், சிக்கிக்கொண்ட மூட்டையை விடுவிக்கக் கயிற்றில் இறங்கியபோது முனையைத் தாண்டி விழுந்து இறந்தார். கீழிருந்து யாரோ அதை நேரலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு சாவுக்கும் ஸ்பான்சர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அநியாயம். நான் கேட்பது வேறு. கயிற்றின் முனையில் முடிச்சுப் போடச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளை யாராவது படம் பிடிக்கிறார்களா? முடிச்சை இரண்டாம் முறை சரிபார்த்ததற்காக யாருக்காவது போனஸ் கிடைத்திருக்கிறதா? அமெரிக்க ஆல்பைன் சங்கம் 1948 முதல் ஆண்டுதோறும் விபத்து அறிக்கைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. அவற்றைப் படித்துப் பாருங்கள். இறங்கும்போது செய்த பிழை, முடிச்சில் பிழை, கீழே கயிறு பிடித்தவரோடு பேச்சு சரியாகப் போய்ச்சேராதது என்று திரும்பத் திரும்ப இதே காரணங்கள்தான் வருகின்றன. பாதுகாப்பு என்பது இப்படிப் பார்க்கச் சலிப்பான வேலைகளில் இருக்கிறது. விளம்பரப் பணமோ பார்க்கச் சலிப்பானதைத் தேடி ஒருநாளும் வராது.

எதைத் தேடி வரும்? நடுவர் அவர்களே, என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன்.

2017 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 3ஆம் தேதி அமெரிக்கப் பாறையேற்ற வீரர் அலெக்ஸ் ஹானல்ட், சுமார் 900 மீட்டர் உயரமான எல் கேபிடனில் ஃப்ரீரைடர் என்ற பாதையைக் கயிறில்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடித்தார். செப்டம்பர் 3ஆம் தேதி செக் நாட்டு வீரர் ஆடம் ஓண்ட்ரா, நார்வேயின் ஃப்லாடாங்கர் குகையில் 'சைலன்ஸ்' என்ற பாதையைக் கயிற்றோடு ஏறி முடித்தார். 9சி என்ற கடினத் தரம் உலகத்தில் முதன்முதலாகத் தொடப்பட்டது அன்றுதான். ஃப்ரீரைடரின் தரம் 7சி ப்ளஸ். எண் ஏற ஏறக் கடினம் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை படிகள் என்று ஏறுபவர்களைக் கேளுங்கள், மலைத்துப்போவார்கள். ஆனால் வெளியுலகத்தில் எந்தப் பெயர் தெரியும்? ஹானல்ட் ஏறியது படமாகி 2019இல் ஆஸ்கர் வாங்கியது. ஓண்ட்ராவைத் துறைக்குள் இருப்பவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், வெளியே அநேகம் பேருக்கு அவரைத் தெரியாது.

ஹானல்டின் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பாதையின் ஒவ்வொரு பிடியையும் கயிற்றில் தொங்கித் தொங்கி மனப்பாடம் செய்தவர் அவர். என் கவலை பார்ப்பவர்களைப் பற்றியது. பாறையில் ஒருநாளும் கை வைக்காதவருக்கு 9சி என்றால் ஒன்றும் புரியாது. கயிறு இல்லை, விழுந்தால் சாவு என்றால் குழந்தைக்கும் புரியும். ஸ்பான்சர் நிறுவனம் பொருளை விற்க வேண்டியது ஏறுபவர்களிடம் மட்டும் இல்லை, ஏறாத கோடிக்கணக்கானவர்களிடமும்தான். அதனால் திறமையைவிட ஆபத்துக்கு விலை அதிகமாகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லாமலே இது நடந்துவிடுகிறது என்பதுதான் இதில் கொடுமை.

குழந்தைக்கும் புரிகிற இன்னொன்று கடிகாரம். எல் கேபிடனின் நோஸ் பாதையில் வேகச் சாதனைக்கான போட்டி எப்படிப் போனது என்று பாருங்கள். 2017 அக்டோபரில் கோப்ரைட்டும் ஜிம் ரெனால்ட்ஸும் 2 மணி 19 நிமிடத்தில் ஏறினார்கள். அடுத்த ஜூனில் ஹானல்டும் டாமி கால்ட்வெல்லும் 2 மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார்கள். கோப்ரைட்டின் சாதனைக்குச் சில நாட்கள் முன்புதான் அதே நோஸில் வேகமாக ஏறும் முயற்சியில் க்வின் ப்ரெட் என்ற வீராங்கனை விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். 2018 மே மாதம், அந்தப் பாதையை நூறு முறைக்கு மேல் ஏறிய ஹான்ஸ் ஃப்ளோரின் அங்கேயே விழுந்து கால்களை உடைத்துக்கொண்டார். வேகம் வேண்டும் என்றால் பாறையில் பாதுகாப்புக் கருவி செருகுவதைக் குறைக்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். குறைகிற ஒவ்வொரு நிமிடமும் அங்கிருந்துதான் வருகிறது. இவர்கள் அத்தனை பேரும் ஏறுவதை உயிராக நேசிப்பவர்கள். அந்த நேசத்துக்குப் பணம் தேவையில்லை. ஆனால் எந்தச் சாதனைக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கும் என்பதை அடுத்த தலைமுறை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது.

2026 ஜனவரியில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. தைவானில் 508 மீட்டர் உயரத் தைப்பே 101 கட்டடத்தில் ஹானல்ட் கயிறில்லாமல் ஏறுவதை நெட்ஃப்ளிக்ஸ் நேரலையாக ஒளிபரப்பியது. எதிரணி நண்பர் உடனே சொல்வார்: 'மழை பெய்ததால் ஒருநாள் தள்ளிவைத்தார்களே, பணம் காத்திருந்ததே!' ஆமாம், காத்திருந்தது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு மனிதர் விழக்கூடும் என்பதை நேரலையாக விற்கலாம் என்று ஒரு சந்தை கண்டுகொண்டதே, அதற்கு என்ன பதில்? நேரலை என்பதற்கே அர்த்தம் முடிவு தெரியாது என்பதுதானே?

இரண்டாவது வாதம், விருப்பம். 2016 இலையுதிர் காலத்தில் ஹானல்ட் இதே எல் கேபிடனைக் கயிறில்லாமல் தொடங்கி, மனம் ஒப்பவில்லை என்று பாதியில் திரும்பிவிட்டார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் அவரை வற்புறுத்தவில்லை. இது எதிரணிக்குச் சாதகமான சம்பவம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரும்பி வந்தவர் யார்? அப்போதே உலகப் புகழ் பெற்றவர், அவரை இழக்க எந்த நிறுவனமும் தயாராக இல்லை. அதே இடத்தில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பத்தொன்பது வயதுப் பெண்ணை நிறுத்திப் பாருங்கள். ஒப்பந்தம் ஓரிரு வருடத்துக்குத்தான். சின்னம் தெரிகிற மாதிரி படம் வெளிவந்தால் போனஸ் என்ற வழக்கம் இந்தத் துறையில் நெடுநாளாகவே உண்டு. அவள் மேலே பார்க்கிறாள், மேகம் திரள்கிறது. படப்பிடிப்புக் குழு காத்திருக்கிறது. வீட்டு வாடகை காத்திருக்கிறது. திரும்பிவிடலாம் என்று அவளுக்குள் எழும் குரலுக்கு எவ்வளவு பலம் இருக்கும்? பணம் பத்தும் செய்யும் என்கிறோம். அந்தப் பத்தில், அவள் வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்வதைச் சிரமமாக்குவதும் ஒன்று.

மூன்றாவது, நிறுவனங்களே விலகுகின்றன என்ற வாதம். 2014 நவம்பரில் சத்துத் தின்பண்டம் விற்கும் கிளிஃப் பார் நிறுவனம் ஐந்து பாறையேற்ற வீரர்களின் ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. டீன் பாட்டர், ஸ்டெஃப் டேவிஸ், ஹானல்ட், டிம்மி ஓநீல், சீடர் ரைட். இவர்கள் எடுக்கும் ஆபத்தின் அளவிலிருந்து பயனடைவது தங்களுக்கு உறுத்துகிறது என்பதாக அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. எதிரணித் தலைவர் இதைப் பெருமையாக எடுத்துவைத்தார். நான் அதை எங்கள் அணியின் சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆபத்திலிருந்து பயனடைந்தோம் என்று பணம் கொடுத்தவரே ஒப்புக்கொண்ட வாக்குமூலம் அல்லவா அது? அடுத்த மே மாதம் டீன் பாட்டர் யோசெமிட்டியின் டாஃப்ட் முனையிலிருந்து விங்சூட் என்ற இறக்கை உடையில் பறந்தபோது இறந்தார். ஒப்பந்தம் போனதால் அவர் நிறுத்தவில்லை. பணத்தை எடுத்துவிட்டால் ஆபத்து தானாக ஒழிந்துவிடும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் வருடக்கணக்கில் அந்தப் புகழில் பங்கு வாங்கிவிட்டு, ஒருநாள் கடிதம் எழுதி விலகுவதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

போட்டி அரங்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கயிறு உண்டு, மெத்தை உண்டு, ஆபத்து இல்லை என்று நினைப்பவர்கள் அதிகம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு நுழைந்ததும் பதக்கமும் விளம்பரமும் ஒன்றாகவே வந்தன. உடல் எடை குறைந்தால் விரல்களுக்குச் சுமை குறைகிறது, அதனால் பட்டினி கிடக்கிறார்கள். உடல் செலவிடும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாமல் எலும்பு பலவீனமாகிறது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது. 2023இல் பன்னாட்டுப் பாறையேற்றப் போட்டிக் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவிலிருந்து ஃபோல்கர் ஷோஃப்ல் உட்பட இரண்டு மருத்துவர்கள் இதில் போதிய நடவடிக்கை இல்லை என்று விலகினார்கள். ஒலிம்பிக் சாம்பியன் யான்யா கார்ன்பிரெட்டும் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். 2024இல் புதிய விதிகள் வந்தன. அந்த மாற்றத்துக்கு அழுத்தம் தந்தது மருத்துவர்களும் வீராங்கனைகளும்.

நடுவர் அவர்களே, ஸ்பான்சரே வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. முழுநேரமும் பயிற்சி செய்ய அந்தப் பணம் எத்தனை பேருக்கு வழி செய்தது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒப்பந்தத்தில் சில வரிகள். திரும்பி வந்தாலும் அதே சம்பளம். அடிபட்டால் சிகிச்சைக்கும், அதற்குப் பிறகு ஏற முடியாமல் போனாலும் வாழ்க்கைக்கும் காப்பீடு. கயிறில்லாமல் ஏறியதற்குத் தனி போனஸ் கிடையாது. படப்பிடிப்பை நிறுத்தும் அதிகாரம் ஏறுபவர் கையில், காரணம் கேட்கக் கூடாது. விளம்பரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கு, புதிதாக ஏறவரும் பிள்ளைகளுக்கு முனை முடிச்சும் இறங்கும் முறையும் சொல்லிக்கொடுப்பதற்கு. இந்த வரிகள் எழுதப்பட்ட ஒப்பந்தங்களை எதிரணி நண்பர்கள் இந்த மேடைக்குக் கொண்டுவரட்டும். அதுவரை தீர்ப்பு எங்கள் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.