ஒரு டியூப் அடைப்பா? குன்னூர் ரோடு மூடினால் கோத்தகிரி ரோடு இருக்கிறதே!

(திரையில்: மண் சரிந்து கிடக்கும் மலைச்சாலை)

ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் ஊட்டிக்குப் போவதையே விட்டுவிடுவோமா? மேட்டுப்பாளையத்தில் வண்டியைத் திருப்பி கோத்தகிரி வழியாக ஏறுவோம். ஒரு கருக்குழாய் அடைத்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தவர்கள் இதைக் கடைசி வரை பாருங்கள், ஏனென்றால் என் அக்கா அந்த ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து கோத்தகிரி வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள், பக்கத்தில் இருந்த எனக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லத் தெரியவில்லை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் சுமார் 10 சென்டிமீட்டரில் ஒவ்வொரு டியூப். முட்டையும் விந்தணுவும் சேருவது அதற்குள்தான். பழைய கிருமித்தொற்று, காசநோய், எண்டோமெட்ரியோசிஸ், வெடித்த குடல்வால் என்று பல காரணங்களால் அது அடைக்கும்.

(திரையில்: மலை ரயில்)

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். விந்தணுவுக்காவது வால் உண்டு, முட்டைக்கு எதுவுமே இல்லை. அப்புறம் எப்படி நகர்கிறது? நம் ரயிலைப் பாருங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் பல்லாக ஒரு இரும்புப் பட்டை வரும், என்ஜின் அதைப் பற்றிக்கொண்டு பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். டியூப்பின் உள்சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் கர்ப்பப்பையை நோக்கியே அசைந்து தள்ளுகின்றன, தசையும் சுருங்கிச் சுருங்கி உதவுகிறது. 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரமா என்று சுற்றுலா வருபவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். கரு அந்தக் குட்டிக் குழாயைக் கடக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகிறது! அதனால் டியூப் திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே அந்தப் பல்லும் தேயாமல் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம். டியூப்பின் நுனி சினைப்பையோடு ஒட்டியே இருப்பதில்லை. விரல் விரலாகப் பிரிந்து, சினைப்பை மேல் தடவி, முட்டையை வாரி எடுக்கிறது. பக்கத்து வீட்டுப் பேரிக்காய் நம் கொல்லையில் விழுகிற மாதிரி, இடது பக்கம் வெடித்த முட்டையை வலது டியூப் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஒரு பக்க டியூப்பும் மறுபக்கச் சினைப்பையும் மட்டுமே மிஞ்சிய பெண்களுக்குக்கூட இயல்பாகக் கரு தங்கியது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அக்காவுக்கு முட்டை அடைப்புப் பக்கம் வளர்ந்த மாதங்களில் ஸ்கேன் எடுத்த இடத்தில் 'இந்த மாதம் வேஸ்ட்' என்று சொல்லிவிட்டார்கள், அவளும் மூன்று மாதம் முயற்சியே செய்யவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எந்த மாதத்தையும் விடாதீர்கள். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான், விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். எனவே முட்டை வெடிப்பதற்கு முந்தைய நாட்களே முக்கியம்.

ரிப்போர்ட்டில் அடைப்பு எங்கே என்றும் கேளுங்கள். கர்ப்பப்பையை ஒட்டிய முனையில் என்றால், எச்.எஸ்.ஜி.யில், அதாவது கர்ப்பப்பைக்குள் மருந்து ஏற்றி டியூப்பைப் பார்க்கிற எக்ஸ்ரேயில், மருந்து ஏற்றும்போது தசை இறுகி அடைப்பு மாதிரி தெரிந்திருக்கலாம். நீர் கோத்து வீங்கிய டியூப் என்றால் அந்த நீர் கருவைத் தங்கவிடாது, டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும். இரண்டு டியூப்பும் முழுதாக அடைத்திருந்தால் இயற்கையாக வழியில்லை. 1978இல் பிறந்த முதல் சோதனைக் குழாய்க் குழந்தையின் அம்மாவுக்கு இருந்ததும் இதே பிரச்சினைதான்.

மலைவேம்புச் சாறு குடித்தால் அடைப்பு கரையும் என்று நம்பி மாதக்கணக்கை விடாதீர்கள், குடிக்கிற சாறு இரைப்பைக்குப் போகும், டியூப்புக்குள் போகாது. கணவருக்கும் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். வயது 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். 'விசேஷம் உண்டா?' என்று கல்யாண வீட்டில் கேட்கிற அத்தைமாருக்கும் இந்த வீடியோவை அனுப்புங்கள்.

(திரையில்: 108)

நாள் தள்ளிப்போனால் ஆறாவது வாரமே ஸ்கேன் எடுங்கள், கரு டியூப்பிலேயே தங்கிவிடும் ஆபத்து உங்களுக்கு அதிகம். ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, ரத்தக் கசிவு, மயக்கம், தோள்பட்டையில் வலி, இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே 108ஐக் கூப்பிடுங்கள். வெளியே பனிமூட்டம், ரோட்டில் யானை நிற்கும் என்று, தோளுக்கு நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள்.