ஐரோப்பிய நிதியும் ரமல்லாவின் கதவுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

2019 ஆகஸ்டில், மேற்குக் கரையில் ஒரு நீரூற்றருகே குண்டு வெடித்தது. தந்தையோடும் அண்ணனோடும் அங்கே வந்திருந்த 17 வயது இஸ்ரேலியப் பெண் உயிரிழந்தாள். வழக்கில் கைதானவர்களில் இருவர் வேளாண் பணிக் குழுக்களின் ஒன்றியம் என்ற பாலஸ்தீனத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். உழவர்களுக்கு நிலம் திருத்திக் கொடுப்பதும் ஹெப்ரானில் நாட்டு விதைகளைச் சேமித்து வைப்பதும் அந்த ஒன்றியத்தின் பணி. அதற்கு நிதி கொடுத்த அரசுகளில் நெதர்லாந்தும் ஒன்று. அந்த இருவரின் சம்பளத்தில் நெதர்லாந்து மக்களின் வரிப்பணமும் சேர்ந்திருந்தது.

இதைக் கேட்டு ஒரு நாடு கொதிப்பது நியாயம்தான். 2020-இல் நெதர்லாந்து நிதியை நிறுத்திவைத்தது. வெளியார் நிறுவனம் ஒன்றிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2022 ஜனவரியில் அறிக்கை வெளியானது. 2007 முதல் 2020 வரை அங்கே ஊழியர்களாகவோ நிர்வாகிகளாகவோ இருந்தவர்களில் 34 பேருக்கு, ஐரோப்பிய ஒன்றியம் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்ட பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியுடன் தனிப்பட்ட தொடர்பு இருந்தது. ஆனால் அந்த முன்னணிக்குப் பணம் போனதற்குச் சான்று கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே அறிக்கையில் இருக்கின்றன. ஆளுக்கொரு பாதியைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள் என்பது என் வருத்தம். நெதர்லாந்து நிதியை அடியோடு நிறுத்தியது. கடுமையான முடிவு; ஆனாலும் விசாரித்து, காரணத்தை ஊரறியச் சொல்லி எடுத்த முடிவு.

இஸ்ரேல் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2021 அக்டோபரிலேயே இந்த ஒன்றியத்தையும் அல்-ஹக் உள்ளிட்ட மேலும் ஐந்து அமைப்புகளையும் பயங்கரவாத அமைப்புகள் என்று அறிவித்துவிட்டது. அல்-ஹக் 1979 முதல் மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்துவருகிறது. போதிய சான்று தங்களிடம் தரப்படவில்லை என்று ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஒன்பது ஐரோப்பிய நாடுகள் 2022 ஜூலையில் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதமே இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரை நகரமான ரமல்லாவில் அந்த அமைப்புகளின் அலுவலகங்களுக்குள் புகுந்து, கதவுகளை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைத்தது.

ஐரோப்பாவும் கணக்கை எப்போதும் திறந்து காட்டியதில்லை. எந்த அமைப்புக்கு ஏன் நிதி கொடுத்தீர்கள் என்று ஆவணங்களைக் கேட்டு, தொண்டு நிறுவனங்களுக்கு வரும் நிதியைக் கண்காணிக்கும் இஸ்ரேலிய அமைப்பான என்ஜிஓ மானிட்டரின் ஜெரால்ட் ஸ்டைன்பெர்க் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனார். பாதுகாப்புக் காரணம் சொல்லி சில பகுதிகளை மறைத்தது சரியே என்று 2012-இல் தீர்ப்பானது. அவருடைய அரசியல் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கேட்டது வரி கட்டுகிற எவரும் கேட்கக்கூடிய கேள்வி.

அதே கேள்வியை எல்லாத் தரப்பிடமும் கேட்க வேண்டும் அல்லவா? பாதிக்கு மேல் அயல்நாட்டு அரசுகளிடம் நிதி பெறும் அமைப்புகள் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று இஸ்ரேல் 2016-இல் சட்டம் இயற்றியது. அதில் சிக்கியவை பெரும்பாலும் மனித உரிமை அமைப்புகள். மேற்குக் கரையில் இஸ்ரேலியக் குடியேற்றங்களை ஆதரிக்கும் அமைப்புகளுக்கு வெளிநாட்டுத் தனியார் செல்வந்தர்கள் அனுப்பும் பணம் அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. 2025 பிப்ரவரியில், அயல்நாட்டு அரசுகளின் நன்கொடைக்கு 80 சதவீத வரி விதிக்கும் மசோதா முதற்கட்ட வாக்கெடுப்பில் நிறைவேறியது. தனியார் நன்கொடை அதிலும் தப்பிவிட்டது.