விரலுக்கும் சிப்புக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். பழைய கால்குலேட்டர் ஒன்று கிடைத்தால் பலரும் டிஸ்ப்ளே எரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பட்டன்களை அழுத்திப் பாருங்கள் என்பேன். செய்தவர்களின் அக்கறை அங்கேதான் தெரியும்.

பட்டனுக்கு இரண்டு வேலை. அழுத்தியது பதிந்துவிட்டது என்று விரலுக்குச் சொல்ல வேண்டும். ஒருமுறைதான் அழுத்தினார்கள் என்று உள்ளிருக்கும் சிப்புக்கும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். விரலுக்கு ‘டக்’ என்று பட்டும் எண் விழவில்லை என்றால், ஒவ்வொரு இலக்கத்துக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட வேண்டியதுதான்.

1972-ல் ஹெச்பி நிறுவனம் வெளியிட்ட ஹெச்பி-35 கால்குலேட்டரில் பட்டன்களுக்கு அடியில் வளைவான மெல்லிய உலோகப் பட்டை இருக்கிறது. தகர டப்பா மூடியின் மேடான நடுப்பகுதியை அமுக்கினால் சற்று முரண்டு பிடித்து, சட்டென்று உள்ளே மடங்கும் அல்லவா? அதே தத்துவம். பட்டை மடங்கும் அந்தக் கணத்திலேயே மின் இணைப்பும் ஏற்படுகிறது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான பட்டன் கிடையாது.

ஆனால் உலோகம் உலோகத்தில் மோதினால் துள்ளும். சில மில்லி விநாடிகளுக்குள் இணைப்பு பலமுறை விட்டு விட்டுச் சேரும். அது அடங்கும்வரை சிப் சற்றுக் காத்திருந்து படிக்க வேண்டும். தொடுமுனையில் அழுக்கோ களிம்போ ஏறினால், துள்ளல் அந்தக் காத்திருப்பையும் தாண்டி நீளும். 5-ஐ அழுத்தினால் 55 விழுவது அதனால்தான்.

பட்டன்களில் உள்ள எழுத்துகளின் கதை வேறு. ஹெச்பி-35-ல் 35 பட்டன்கள். பெயரே அதிலிருந்து வந்தது. அதில் ‘ஆர்க்’ என்றொரு பட்டன். அதைத் தட்டிவிட்டு சைன், காஸ், டேன் எதை அழுத்தினாலும் அதன் தலைகீழ்ச் சார்பு, அதாவது அந்த மதிப்புக்குரிய கோணம், கிடைக்கும். ஒரு பட்டன் மூன்று பட்டன்களை மிச்சப்படுத்தியது. 1973-ல் ஹெச்பி-45 அந்த யோசனையை, மற்ற பட்டன்களுக்கு இரண்டாவது வேலை தரும் தங்க நிற ஷிஃப்ட் பட்டனாக விரித்தது. 1974-ல் ஹெச்பி-65 வந்தபோது பட்டனின் தலையில் ஒன்று, அதற்கு மேலே பலகையில் ஒன்று, முன்சரிவில் ஒன்று என எழுத்துகள் மூன்று இடங்களில் ஏறிவிட்டன. ஹெச்பி பட்டன்களின் தலையெழுத்து வெறும் அச்சு அல்ல. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை அடுத்தடுத்து வார்த்தது. அதனால் எத்தனை தேய்த்தாலும் அழியாது.

பிறகு சிலிக்கோன் ரப்பர் பட்டன் வந்தது. அடியில் ஒரு கார்பன் வில்லை, கீழே சர்க்யூட் போர்டு, அவ்வளவுதான். மலிவு, சத்தமில்லை, அந்த ‘டக்’ மட்டும் மழுங்கிப்போனது. 1983-ல் கேசியோ எஸ்எல்-800 வெறும் 0.8 மில்லிமீட்டர் தடிமன். பட்டன் கீழே இறங்க அதில் இடமே இல்லை.

ரப்பர் வகையில் பட்டன் வேலை செய்யாவிட்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறந்து, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சர்க்யூட் போர்டைத் துடையுங்கள். கார்பன் வில்லையை லேசாக ஒற்றினால் போதும். அழுத்தித் தேய்த்தால் மின்கடத்தும் பூச்சே உரிந்துவிடும். உலோகப் பட்டை வகையில் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். பலவற்றில் பிளாஸ்டிக் முளைகளைச் சூட்டில் உருக்கி போர்டை இறுக்கியிருப்பார்கள். அவற்றை வெட்டினால் திரும்பப் பொருத்துவது கடினம். முதலில் அந்தப் பட்டனை மட்டும் ஐம்பது, அறுபது முறை அழுத்திப் பாருங்கள். மெல்லிய களிம்பாக இருந்தால் அந்த உரசலிலேயே பெரும்பாலும் போய்விடும்.