தேன் துளியும் புனிதர் யோசபாத்தும்

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவமும் கிழக்குச் சமயங்களும் என்று பேச்சை எடுத்தாலே, யாராவது ஒருவர் "ஏசு இந்தியாவுக்கு வந்தாராமே, லடாக்கில் ஏதோ சுவடி இருக்கிறதாமே" என்று ஆரம்பித்துவிடுவார். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நிக்கோலஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யப் பத்திரிகையாளர் 1894இல் பாரிசில் ஒரு புத்தகம் போட்டார். ஹெமிஸ் மடாலயத்தில் தான் கால் முறிந்து கிடந்தபோது, லாமாக்கள் ஏசுவின் இந்திய வாழ்க்கையைப் படித்துக் காட்டினார்கள் என்றார். மறுவருடமே ஆக்ராவில் பேராசிரியராக இருந்த டக்ளஸ் என்பவர் ஹெமிசுக்கே நேரில் போய் விசாரித்தார். அப்படி ஒரு நூலும் இல்லை, அப்படி யாரும் வந்து தங்கவும் இல்லை என்று தலைமை லாமா சொல்லிவிட்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். இன்றுவரை முடியவில்லை.

இந்தப் பொய்க்கு இருக்கிற கூட்டம், ஆதாரத்தோடு இருக்கிற உண்மைக்கு இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். உண்மை இதைவிடச் சுவையானது. புத்தர் கத்தோலிக்கப் புனிதர் பட்டியலில் ஏறியிருந்தார். ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள். பழைய பட்டியலில் நவம்பர் 27ஆம் தேதி, புனிதர்கள் பர்லாம், யோசபாத் திருநாளாக இருந்தது. அந்த யோசபாத்தான் நம் சித்தார்த்தர்.

கதையைக் கேளுங்கள். இந்தியாவில் அபென்னர் என்று ஒரு ராஜா. கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. அவனுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது. இவன் உலக ராஜ்யத்தை ஆளமாட்டான், கிறிஸ்தவனாவான் என்று ஜோசியர் ஒருவர் சொல்கிறார். அப்பா பயந்துபோய், முதுமையோ நோயோ சாவோ கண்ணில் படாமல் பிள்ளையை அரண்மனைக்குள் வைத்து வளர்க்கிறார். ஒருநாள் வெளியே வந்த இளவரசன் நோயாளியைப் பார்க்கிறான், குருடரைப் பார்க்கிறான், பல் போன கிழவரைப் பார்க்கிறான். அப்புறம் சொல்லவேண்டுமா? போதி மரத்துக்குப் பதிலாக பர்லாம் என்ற தவசி, ரத்தின வியாபாரி வேஷத்தில் வந்து ஞானஸ்நானம் கொடுக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயர் எப்படி மாறியது? புத்தராகும் முன் சித்தார்த்தருக்குப் பெயர் போதிசத்துவர். அவர் மத்திய ஆசியா வழியாக அரபிக்குள் போகும்போது 'பூதாசஃப்' ஆகிறார். அரபியில் 'ப'வுக்குக் கீழே ஒரு புள்ளி, 'ய'வுக்குக் கீழே இரண்டு. யாரோ ஒருவர் ஏடு எழுதும்போது ஒரு புள்ளி கூடிவிட்டது, 'யூதாசஃப்' பிறந்தார். அங்கிருந்து ஜார்ஜிய மொழி. ஜார்ஜியர்கள்தான் அவரைக் கிறிஸ்தவராக்கியவர்கள். அதிலிருந்து கிரேக்கம், 11ஆம் நூற்றாண்டில் லத்தீன், பிறகு ஐரோப்பா முழுக்க. 1571இல் வெனிஸ் ஆட்சித்தலைவர், போர்த்துக்கல் அரசர் செபஸ்தியானுக்கு யோசபாத்தின் எலும்பு என்று ஒன்றைப் பரிசாகவே கொடுத்தார். யாருடைய எலும்போ, பாவம். கடைசியில் அது பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தது.

இந்த யோசபாத்துக்கு பர்லாம் சொல்லும் குட்டிக்கதைகளில் ஒன்று எனக்கு உயிர். நேரமாகும், பரவாயில்லை, சொல்கிறேன். ஒருவனை ஒற்றைக்கொம்பு மிருகம் துரத்துகிறது. ஓடியவன் பெரும் பள்ளத்தில் விழுகிறான். விழும்போது ஒரு மரத்தைப் பிடித்துத் தொங்குகிறான். கீழே வாய் பிளந்த நாகம். பிடித்திருக்கிற மரத்தின் வேரை ஒரு வெள்ளை எலியும் ஒரு கறுப்பு எலியும் கடித்துக்கொண்டிருக்கின்றன. அவைதான் பகலும் இரவும். அப்போது மேலே கிளையிலிருந்து தேன் சொட்டுகிறது. நாக்கை நீட்டி நக்குகிறான். மிருகம் மறந்துபோயிற்று, நாகம் மறந்துபோயிற்று.

மகாபாரதம் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். ஸ்திரீ பர்வத்தில், பிள்ளைகளை எல்லாம் போரில் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் திருதராஷ்டிரனுக்கு விதுரர் சொல்வது இதே கதைதான். அங்கே பள்ளத்தின் விளிம்பில் நிற்பது யானை. ஐரோப்பாவில் யானைக்கு எங்கே போவார்கள்? தமிழிலும் உண்டு. சமணக் காப்பியமான சூளாமணியில் தோலாமொழித்தேவர், யானை துரத்த, பாம்பிருக்கும் குழியில் தொங்குகிறவனைக் காட்டிவிட்டு, "தேனின் அழிதுளி நக்கும் திறத்தது மானுடர் இன்பம்" என்கிறார். இத்தாலியில் பார்மா நகர ஞானஸ்நான மண்டபத்துக்குப் போனால், வாசல் மேலே கல்லில் அதே ஆள். மரத்தில் உட்கார்ந்து தேனடையை நோக்கிக் கை நீட்டுகிறான், கீழே டிராகன் நெருப்பு கக்குகிறது, வேரை இரண்டு பிராணிகள் கொறிக்கின்றன. இரண்டு பக்கமும் தேரேறி வரும் சூரியனும் சந்திரனும். இந்து, சமணர், முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் அந்த ஒரே தேனைத்தான் நக்கியிருக்கிறார்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஒற்றுமை இருந்தால் மட்டும் உறவு ஆகிவிடாது. தண்ணீர்மேல் நடப்பது பௌத்த ஜாதகக் கதையிலும் இருக்கிறது, ஏசுவின் சீடர் பேதுரு விஷயத்திலும் இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டால் கையில் தடயம் இல்லை. யோசபாத் விஷயத்தில் தடயம் இருக்கிறது. ஏடு இருக்கிறது, மொழி மொழியாகப் பெயர் இருக்கிறது, தப்பாக விழுந்த புள்ளிகூட இருக்கிறது. 1860இல் பீலிக்ஸ் லீப்ரெக்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது மறுக்க முடியாமல் போனது அதனால்தான்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். யோசபாத் கதை இடைக்காலத்துச் சமாசாரம். ஆதித் திருச்சபைக் காலத்தை, அதாவது கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளைப் பற்றி விரிவாகவே பேசலாம் என்று வந்தேன், தேனிலேயே நேரம் போய்விட்டது. இரண்டே செய்தி சொல்லிவிடுகிறேன். கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியா கிளெமெந்து என்ற கிறிஸ்தவ அறிஞர், இந்தியரில் சிலர் 'பூத்தா'வின் போதனைப்படி நடக்கிறார்கள், அவரைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நம் மிளகு போய்ச் சேர்ந்த எகிப்தியத் துறைமுகம் அலெக்சாந்திரியா. சரக்கோடு செய்தியும் போயிருக்கும். அடுத்த தலைமுறையில், பாபிலோனியாவில் பிறந்து தனிச் சமயம் ஒன்றை நிறுவிய மானி, எனக்கு முன்னால் வந்த தூதர்கள் புத்தர், பாரசீகத்து ஜரதுஷ்டிரர், ஏசு என்று மூன்று பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். அவர் சமயத்தார் மத்திய ஆசியாவில் விட்டுப்போன ஏடுகளிலும் இந்த இளவரசன் கதையின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மானியைப் பற்றிப் பேச இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.