கீபோர்டுக்காரரின் போஸ்ட் கார்டுகள்

வணக்கம். மார்க் மதர்ஸ்பா என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம், ஆனால் 2017இல் வந்த ‘தோர்: ரக்னராக்’ படத்தைப் பார்த்திருந்தால் அவர் இசையைக் கேட்டிருக்கிறோம். டீவோ என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடகர், கீபோர்டு வாசிப்பவர். என்னைக் கேட்டால், அவர் முதலில் ஓவியர், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

1950இல் ஒஹாயோ மாநிலத்தில், டயர் தொழிலுக்குப் பேர்போன அக்ரான் நகரத்தில் பிறந்தார். பயங்கரமான கிட்டப்பார்வை, ஏழெட்டு வயது வரை அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கரும்பலகை தெரியாததால் பள்ளியில் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த பையனுக்கு ஒருவழியாகக் கண்ணாடி போட்டார்கள். மரத்துக்கு உச்சி என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் பார்த்தான், உடனே மரம் மரமாக வரையத் தொடங்கினான், திட்டிக்கொண்டிருந்த டீச்சரே பாராட்டிவிட்டார். பிறகென்ன, ஓவியராவது என்று அந்த வயதிலேயே முடிவாகிவிட்டது.

கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கலை படித்தார். 1970 மே 4, வியட்நாம் போரை எதிர்த்துக் கூடிய மாணவர்கள் மீது அங்கேதான் தேசியக் காவல் படை சுட்டது, நான்கு பேர் செத்தார்கள். மனித இனம் முன்னேறவில்லை, பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று அவரும் நண்பர் ஜெரால்ட் கசாலேயும் பாதி கிண்டலாகவும் பாதி நிஜமாகவும் பேசியதற்குப் பின்னால் அந்த நாள் இருக்கிறது. பரிணாமம் (எவல்யூஷன்) தலைகீழாகப் போவதற்கு ‘டீ-எவல்யூஷன்’ என்று பேர் வைத்தார்கள், 1973இல் அந்தக் கிண்டலே டீவோ என்ற குழு ஆனது. முதல் ஆல்பம் 1978இல்தான், ஆனால் அதற்கு முன்பே குறும்படம் எடுத்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். 1980இல் ‘விப் இட்’ பாட்டு ஹிட்டானபோது, தலையில் பூந்தொட்டியைக் கவிழ்த்தமாதிரி சிவப்புத் தொப்பியோடு நின்றார்கள். அடுத்த வருஷம் எம்டிவி வந்தது, போடுவதற்கு வீடியோ போதாத அந்தச் சேனலில் இவர்கள் வீடியோ கையிலேயே இருந்தது.

குழுவின் வேகம் குறைந்த பிறகு டிவிக்கும் சினிமாவுக்கும் இசையமைத்தார், நன்றாகவே சம்பாதித்தார். சரி, அதை விடுங்கள். எனக்குப் பிடித்த விஷயம் போஸ்ட் கார்டுதான். எழுபதுகளில், கலைஞர்கள் தபாலிலேயே படங்களை அனுப்பிக்கொள்ளும் ஒரு பழக்கம் இருந்தது; இவரும் அதில் சேர்ந்தார். போகப்போக அனுப்புவது நின்று, கார்டுகள் அவரிடமே தங்கி டைரி ஆகிவிட்டன. டூர் போனாலும், ஹோட்டல் அறையில் கிடந்தாலும், தினமும் வரைவார். ஒரு பக்கம் ஏதாவது விசித்திர ஜந்து, பக்கத்தில் கோணல் எழுத்தில் ரெண்டு வரி. யாருக்காகவும் வரைந்ததில்லை, அதனால்தான் அவற்றில் பாசாங்கே இல்லை என்று நினைக்கிறேன்.

2014இல் டென்வர் நகரத்தின் சமகாலக் கலை அருங்காட்சியகம் அவருக்கு ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. அதன் பெயரே ‘மையோப்பியா’, அதாவது கிட்டப்பார்வை. அப்போது எண்ணிக்கை 30,000 கார்டுகள்! பழைய புகைப்படங்களில் முகத்தின் ஒரு பாதியை அப்படியே கண்ணாடி பிம்பமாகத் திருப்பி ஒட்டி, பார்க்கவே திக்கென்றிருக்கும் ஆட்களாக்கிய படங்களும் அங்கே இருந்தன. கூடவே, ஆர்கன் என்ற, குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் கீபோர்டு வாத்தியத்தின் பழைய குழாய்களைப் பொறுக்கி அவர் செய்த வாத்தியங்கள், தானாகவே வாசிப்பவை. கீபோர்டுக்காரருக்கே அங்கே வேலை இல்லை.