பக்கத்து வீட்டுத் தூக்கம் கெடாமல் சேவல் வளர்ப்பது

[காட்சி: விடியலுக்கு முன், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெரு. ஒரு மொட்டை மாடியில் தகரக் கூண்டு. தெருவிளக்கு நேராக அதன்மேல் அடிக்கிறது.]

வணக்கம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டில் சேவல் வைத்திருப்பவர்களுக்காக இந்த வீடியோ. அடுத்த வீட்டுச் சேவலால் தூக்கம் கெடுகிறவர்களும் பாருங்கள், உங்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

சேவலின் வாயை மூட முடியாது. ஆனால் அதன் விடியற்காலை எப்போது தொடங்க வேண்டும் என்பதை நாம் ஓரளவு தள்ளி வைக்கலாம். அதற்கு, அது ஏன் கூவுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

[காட்சி: கழுத்தை நீட்டிக் கூவும் சேவல், மெதுவான வேகத்தில்.]

வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெளியுலக வெளிச்சமே படாத அறையில், நாள் முழுக்க ஒரே மங்கிய ஒளியில் சேவல்களை வைத்தார்கள். அப்போதும் அவை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, தங்கள் கணக்கில் விடியல் வந்ததும் கூவின. நேரத்துக்கு விளக்கைப் போட்டு அணைத்தபோது, விளக்கு எரிவதற்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே கூவத் தொடங்கின. அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சம் அந்தக் கடிகாரத்துக்கு நேரம் திருத்திக் கொடுக்கிறது.

அதனால்தான் ஒரு நாள் மட்டும் கூண்டின்மேல் கோணிப்பையைப் போட்டுவிட்டு, "அப்பவும் கூவுதே" என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. ஒரே நேரத்துக்கு இருட்டு, ஒரே நேரத்துக்கு வெளிச்சம் என்று தினமும் விடாமல் செய்தால்தான் அந்தக் கடிகாரம் நகரும். நம் ஊரில் மே, ஜூன் மாதங்களில் 6 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். திறந்த கூண்டில் இருக்கும் சேவல் மூன்றரை, நாலு மணிக்கே ஆரம்பிக்கும். அதே சேவலுக்குத் தினமும் காலை ஏழரைக்குத்தான் வெளிச்சம் என்று பழக்கினால், முதல் கூவல் ஐந்தரையை ஒட்டித் தள்ளிப் போகும். எல்லாச் சேவலும் கணக்குப் போட்டதுபோல் நடக்காது. ஆனால் நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் உள்ள வித்தியாசம் தூங்குகிறவருக்குத்தான் தெரியும்.

[காட்சி: மூன்று சேவல்கள். பெரியது முதலில் கூவ, மற்றவை தொடர்கின்றன.]

அதே ஆய்வுக் குழு 2015இல் இன்னொன்றையும் கண்டது. ஒன்றாக வளரும் சேவல்களில் எது தலைவனோ அது முதலில் கூவுகிறது. பிறகு வரிசைப்படி அடுத்தது, அதற்கடுத்தது. தலைவனைப் பிரித்து எடுத்துவிட்டால் இரண்டாவது சேவல் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே "அதிகம் கத்துற சேவலைக் குழம்பு வெச்சாச்சு, இனிமே பிரச்சினை இல்ல" என்று நம்பிவிடாதீர்கள். வீட்டில் ஒரே ஒரு சேவல்தான் இருக்க வேண்டும். எட்டு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். முட்டை மட்டும் போதும் என்றால் அதுகூட வேண்டாம், சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். ஆசையாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. இவை எதுவுமே இல்லையென்றால் ஒட்டு வீட்டில் சேவல் வைக்காதீர்கள், அதுதான் என் கருத்து.

[காட்சி: ஒலி அளவைக் காட்டும் கோடுகள்.]

சத்தத்தின் கணக்கைப் பார்ப்போம். சேவல் கூவும்போது ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 100 டெசிபெல் அளவுக்குக் கேட்கும். பெல்ஜியம் ஆய்வாளர்கள் சேவலின் காதருகே கருவி வைத்து அளந்தபோது 140ஐத் தாண்டியது. வாய் திறக்கும்போது சேவலின் காதுத் துளை அடைபட்டுக்கொள்வதால் அதன் செவி தப்பிக்கிறது. நம் செவிக்கு அந்த வசதி இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபெல் குறையும். அப்படியென்றால் 10 மீட்டர் தள்ளி இருக்கும் படுக்கையறை ஜன்னலில் இன்னும் 80. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் இரவு வரம்பு 45, பகலில் 55. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை.

தூரத்தை மட்டும் நம்பினால் நடக்காது என்பது இதிலிருந்தே தெரிகிறது. நடுவில் சுவர் வேண்டும். கூண்டை எங்கே வைக்கிறோம் என்பதுதான் பாதி வேலை. மொட்டை மாடி மிக மோசமான இடம். மறைப்பே இல்லாமல் நாலு தெருவுக்கும் சத்தம் போகும், தகர ஷீட் போட்ட கூண்டு என்றால் உள்ளேயும் அதிரும். முத்தியால்பேட்டை, மஞ்சக்குப்பம் மாதிரி இடங்களில் இரண்டு சுவர்களுக்கு நடுவில் உள்ள குறுகிய சந்தும் வேண்டாம், சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி மேலே ஏறும். உங்கள் வீடே அவர்கள் ஜன்னலுக்கும் கூண்டுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி இடம் பாருங்கள். தரையோடு, செங்கல் சுவரை ஒட்டி, தெருவிளக்கு படாத பக்கம்.

[காட்சி: மரப்பெட்டி, பக்கவாட்டில் திறந்து காட்டப்படுகிறது.]

பகலில் சேவல் எங்கே வேண்டுமானாலும் மேயட்டும். இரவுக்கு மட்டும் தனிப் பெட்டி. இரண்டடிக்கு இரண்டடி, உயரம் இரண்டரை அடி, கனமான பிளைவுட். சேவல் நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் இடம் இருக்க வேண்டும். கழுத்தை நீட்ட முடியாதபடி கூரையைத் தாழ்த்தி வைத்தால் கூவாது என்று ஒரு யோசனை சுற்றுகிறது. இரவெல்லாம் ஓர் உயிரைக் குனிய வைப்பதை நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். கழுத்தில் பட்டை கட்டுவதும் அப்படித்தான். கோழிக்கு வியர்க்காது, வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதன் கழுத்தை இறுக்குவது ஆபத்து. குரலை எடுக்கும் ஆபரேஷன் பேச்சே வேண்டாம். அதன் குரல் உறுப்பு மூச்சுக்குழாயின் அடியில், நெஞ்சுக்குள் இருக்கிறது.

காற்றோட்டத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இருட்டு வேண்டும் என்று எல்லாப் பக்கமும் அடைத்தால், சித்திரை வெயிலில் காலையில் திறக்கும்போது சேவல் செத்துக் கிடக்கும். கீழே ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் மேலே ஒரு திறப்பு, இரண்டும் பக்கத்து வீட்டைப் பார்க்காத திசையில். ஒவ்வொரு திறப்பின் முன்னாலும் ஒரு பலகையைச் சற்று இடைவெளி விட்டு அடியுங்கள். காற்று வளைந்து உள்ளே போகும், வெளிச்சம் நேராகப் போகாது, சத்தமும் அந்த வளைவில் கொஞ்சம் அடிபடும். கோணிச் சாக்கை மடித்துப் பெட்டியின் வெளியே சுற்றலாம். உள்ளே சுற்றினால் கொத்தும், பேனும் அடையும். பெட்டி காலை வெயில் படாத நிழலில் இருக்கட்டும். திறக்கும்போது சேவல் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக்கொண்டு இருந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து திறப்பைப் பெரிதாக்குங்கள், கோடை முடியும்வரை சீக்கிரம் திறந்துவிடுங்கள். திறந்தவுடன் முதலில் தண்ணீர்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் என்றால் பெட்டியோடு வீட்டுக்குள் தூக்கி வந்துவிடலாம். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர் இது, தூக்க முடியாத கூண்டு கட்டாதீர்கள். பெட்டி செய்ய வசதி இல்லையா? அந்தக் காலம் மாதிரி பஞ்சாரத்தைக் கவிழ்த்து, வீட்டுக்குள் ஜன்னல் இல்லாத மூலையில் வையுங்கள். வீட்டுச் சுவரே சத்தத்தைத் தடுக்கும். முதலில் எழப்போவது நீங்கள்தான், அது நியாயமும்கூட.

[காட்சி: இரு வீட்டு வாசல்கள்.]

இத்தனையும் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்து வீட்டில் போய்க் கேளுங்கள். "அக்கா, சேவல் சத்தம் தொந்தரவா இருக்கா? எந்த நேரத்துல ரொம்பக் கஷ்டமா இருக்கு?" இந்த இரண்டாவது கேள்வி முக்கியம். ஜிப்மரில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வரும் நர்ஸுக்கும், சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும் காலை பத்து மணிதான் நடுராத்திரி. அந்த வீட்டுக்கு நாலு மணிக் கூவல் பிரச்சினையே இல்லை, பகலில் சேவலை அவர்கள் ஜன்னல் பக்கம் மேயவிடாமல் இருந்தால் போதும். கேட்காமல் நாமே ஊகித்துச் செலவு செய்தால், பெட்டியும் இருக்கும், சண்டையும் இருக்கும். முட்டை கொடுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் கேட்ட பிறகு கொடுங்கள். எச்சத்தைத் தினமும் அள்ளுங்கள், நாற்றமும் ஈயும் சேர்ந்தால் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும்.

பேச்சில் தீராதது அதிகாரிகளிடம் போன கதைகளும் உண்டு. பிரான்ஸில் ஒலெரோன் தீவில் மொரிஸ் என்ற சேவல்மீது பக்கத்து வீட்டார் வழக்குப் போட்டார்கள், 2019இல் சேவல் பக்கம் தீர்ப்பு வந்தது. கிராமத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் பாரம்பரியமாகக் காக்க 2021இல் அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள். புதுச்சேரியில் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், அந்தச் சட்டம் கிராமப்புறத்துக்கானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேரளத்தில் அடூரில் 2025இல் நடந்தது நமக்கு நெருக்கமானது. மாடியில் இருந்த கோழிக்கூண்டை இடம் மாற்றும்படி வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவிட்டார்.

பெட்டியையும் நேரத்தையும் ஒரு மாதம் விடாமல் கடைப்பிடித்தும் பக்கத்து வீட்டில் தூங்க முடியவில்லை என்றால், சேவலை இடம் மாற்றுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில், நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் கொல்லையில் சொந்தக்காரர்கள் யாராவது இருப்பார்கள். நேர்ந்துவிட்ட சேவல் என்றாலும் திருவிழா வரைக்கும் அங்கே வளரலாம். இரவில் கொண்டுபோங்கள், இருட்டில் அது அடங்கியிருக்கும். புது இடத்தில் முதல் சில நாட்கள் அடைத்தே வைத்துத் தீனி போடச் சொல்லுங்கள். இடம் பழகிய பிறகு திறந்துவிட்டால் போதும், சாயங்காலம் தானாகவே கூண்டுக்குத் திரும்பிவிடும்.