மாட்டுவண்டியோடு முடிந்துவிடவில்லை அபுவின் கதை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நீண்ட நாவலின் ஒரு பகுதியை மட்டும் படமாக்குவது மூலத்துக்கு நியாயம் செய்வதே என்று வாதாடிய எதிரணித் தோழி, 'பதேர் பாஞ்சாலி'யைச் சாட்சிக்கு அழைத்தார். "படம் நிற்கும் இடத்தில் கதையும் நிறைந்துவிட்டது, மிச்சம் வெறும் நீட்சி" என்றார். நானும் வேறு சாட்சி தேடப் போவதில்லை. அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

1955இல் வந்த சத்யஜித் ரேயின் படம் உலகத்தின் மகத்தான படங்களில் ஒன்று. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் வழக்கு, அது விட்டுவிட்டு வந்ததைப் பற்றியது.

படத்துக்கு மூலமான, விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் அதே பெயர் கொண்ட வங்க நாவல் 1929இல் நூலானது. 'பாதையின் பாடல்' என்பது பெயரின் பொருள். அதில் மூன்று பகுதிகள். சிறுவன் அபுவின் அக்காள் துர்க்கா இறந்த பிறகு குடும்பம் சொந்த ஊரான நிச்சிந்திப்பூரை விட்டுப் புறப்படுவது இரண்டாம் பகுதியின் முடிவு. படத்தில் பாழடைந்த வீட்டுக்குள் பாம்பு நுழைகிறது, மாட்டுவண்டி நகர்கிறது, திரை இருள்கிறது. நாவலில் அந்த வண்டி ரயில் நிலையத்துக்குப் போகிறது. அங்கேதான், நடுவர் அவர்களே, என் வழக்கின் உயிர் இருக்கிறது.

ரயிலைப் பார்க்க வேண்டும் என்பது துர்க்காவின் தீராத ஆசை. படத்தில் அக்காளும் தம்பியும் வெண்பூ பூத்த நாணல்களுக்கிடையே ஓடுகிறார்கள், கரும்புகையோடு ரயில் கடந்து போகிறது. நாவலிலும் ஓடுகிறார்கள். ஆனால் தண்டவாளத்தை எட்ட முடியாமல் திரும்பிவிடுகிறார்கள். காய்ச்சலில் கிடக்கும்போது, "எனக்கு ஒருநாள் ரயிலைக் காட்டுவாயா?" என்று தம்பியிடம் கேட்கிறாள். பார்க்காமலே போய்ச் சேர்கிறாள். பின்னர் அபு அந்த ரயிலில் ஏறுகிறான். ஊர் பின்னால் போகும்போது, ஊர் எல்லையில் அக்காள் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. 'நானாக உன்னை விட்டுப் போகவில்லை அக்கா, இவர்கள் என்னைக் கூட்டிப்போகிறார்கள்' என்று மனதுக்குள் அழுகிறான். இதைப் படித்துவிட்டு யாரால் "நீட்சி" என்று சொல்ல முடியும்? படம் மாட்டுவண்டியோடு நின்றுகொள்வதால், ரயிலை முன்கூட்டியே காட்டிவிட வேண்டியதாயிற்று என்பது என் கணிப்பு.

"மிச்சத்தை ரே மறுவருடமே 'அபராஜிதோ'வில் எடுத்துவிட்டாரே" என்பார்கள். எடுத்தார். குடும்பம் போய்ச் சேர்ந்த காசி வந்தது, அப்பா ஹரிஹரின் மரணம் வந்தது, பணக்காரர் வீட்டில் அம்மா சர்வஜயா சமையல்காரியாக வேலை பார்ப்பதும் வந்தது. ஆனால் நாவலின் மூன்றாம் பகுதியைத் தாங்கி நிற்பது நிகழ்ச்சிகள் அல்ல, ஏக்கம். அந்த வீட்டின் ஒரு மூலையில் கிடந்தபடி, நிச்சிந்திப்பூருக்குத் திரும்ப மாட்டோமா என்று அபு உருகுகிறான். கடைசியில் பாதையின் தெய்வம் அவனிடம் பேசுகிறது: உன் ஊர் மூங்கில் தோப்போடு என் பாதை முடிந்துவிடவில்லை, மூடச் சிறுவனே, இன்னும் முன்னால் போகிறது என்று. நாவலின் பெயருக்கே உயிர் கொடுக்கும் பக்கம் அது. முதல் படம் அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது, இரண்டாவது படத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அபுவுக்குத் தோழியாகும் லீலாவும் படத்தில் இல்லை.

இன்னொன்றையும் அவை கேட்க வேண்டும். 1968இல் கிளார்க், தாராபத முகர்ஜி இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அது எங்கே முடிகிறது தெரியுமா? குடும்பம் ஊரை விட்டுப் போகும் இடத்தில்! மூன்றாம் பகுதி அந்த நூலில் இல்லவே இல்லை. படம் நின்ற இடத்திலேயே புத்தகத்தையும் நிறுத்திவிட்டார்கள். அதை மட்டும் படித்த வாசகர், முழு நாவலையும் படித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார். பகுதியைக் காட்டினால் மூலத்துக்கு ஒரு குறையும் வராது என்று சொன்ன தோழி இதற்கு என்ன சொல்வார்?

விபூதிபூஷண் இதன் தொடர்ச்சியாக எழுதிய 'அபராஜிதோ' நாவலின் இறுதியில், வளர்ந்துவிட்ட அபு தன் மகன் காஜலோடு நிச்சிந்திப்பூருக்கே திரும்புகிறான். மகனை அந்த மண்ணில், சிறுவயதில் பழகிய ராணு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் மட்டும் புறப்படுகிறான். 1959இல் வந்த மூன்றாவது படம், மகனைத் தோளில் சுமந்தபடி அபு நடந்து போவதோடு முடிகிறது. அழகான முடிவுதான். ஆனால் மூன்று படங்களையும் பார்த்து முடித்தவருக்கு, அவன் ஊர் திரும்பினான் என்பதே தெரியாது. எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.